இரண்டு துருத்திகள்

அக்காவின் கல்யாணத்துக்கு முந்தின நாள், ஏலமலையிலிருந்து பொதிமாட்டில் இறக்கிவந்த பெரிய செம்பு அண்டா மலையடிவாரத்து முந்தல் ஊருக்கு மேலே சரிவில் உருண்டுவிட்டது. அடித்தகடு ஒரு முழ நீளத்துக்குப் பிரிந்து வாயைத் திறந்திருந்தது. கொண்டுவந்தவர் பெரியப்பா. வாய்க்கால் தகராறில் அப்பாவோடு பேச்சை முறித்துக்கொண்டவர். தம்பி மகள் கல்யாணமாயிற்றே என்று வந்தவர், வாசலோடு நின்றுகொண்டார்.

"எப்படி ஒடஞ்சதுன்னு கேளு" என்றார் அப்பா என்னிடம்.

"மாடு சறுக்கிருச்சுன்னு சொல்லு" என்றார் பெரியப்பா.

இருவருக்கும் நடுவில் நான் ஓடிக்கொண்டிருந்தேன். சிலமலையிலிருந்து வரும் சம்பந்தி வீட்டாருக்குச் சோறாக்க வேறு அண்டா கிடையாது.

அவர்கள் இருவரையும் பெற்ற ஆத்தா தானே போய், பாத்திரம் பற்றவைப்பவரையும் அவர் மனைவியையும் அழைத்துவந்தாள். அவர் பிரிந்த இடத்தைச் சுரண்டி, வெண்காரமும் பித்தளைப் பொடியும் குழைத்துப் பூசினார்.

"அடித்தகடு கனம், பக்கத்தகடு மெலிசு. அடிக்கு ஏத்த சூடு வச்சா பக்கம் உருகி ஓட்டையாயிரும். பக்கத்துக்கு ஏத்தாப்புல வச்சா அடியில பொடி எளகாது."

அதனால் அடிக்குப் பெரிய துருத்தி, பக்கத்துக்குச் சின்னத் துருத்தி. இரண்டையும் இரு கையால் அவர் மனைவியே ஊதுவாளாம். அன்றைக்குப் பார்த்து, "மணிக்கட்டு சுளுக்கிருச்சு ஆத்தா" என்று உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டுல ரெண்டு ஆம்பளைக இருக்காக" என்றாள் ஆத்தா, யாரையும் பார்க்காமல்.

பெரியப்பா பெரிய துருத்தியில் உட்கார்ந்தார், அப்பா சின்னதில். இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு ஊதினார்கள்.

"பெரியவரே, வெரசா! சின்னவரே, மெல்ல!"

தகடு கருத்து, பிறகு சிவந்தது. பெரியப்பா வேகம் பிடித்துவிட்டார். தீ பக்கத்தகட்டில் ஏறி, விளிம்பு பளபளக்கத் தொடங்கியது.

"அண்ணே, போதும்ணே! நிறுத்து!" என்று அப்பா கத்தினார்.

பெரியப்பா நிறுத்தினார். பொடி தண்ணீராய் இளகி, பிளவு நெடுக ஓடி நிரம்பியது. ஆறியபின் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. "நல்ல நேரத்துல சொன்னடா" என்றார் பெரியப்பா. அன்று எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.

பற்றவைப்பவரும் அவர் மனைவியும் கிளம்பும்போது ஆத்தா, தனக்கென்று எடுத்துவைத்திருந்த புதுச் சுங்கடிச் சேலையை அந்த அம்மாளிடம் கொடுத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "வேர்க்க வேர்க்க ஊதுனது அப்பாவும் பெரியப்பாவும். சும்மா உக்காந்திருந்தவுகளுக்கு எதுக்குச் சேலை?" என்று கேட்டேவிட்டேன்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது.