சலோரி

முப்பத்தொரு வருடம் நான் கொழும்புப் புதுக்கடையில் நீதிமன்ற உரைபெயர்ப்பாளராக இருந்தேன். சாட்சி தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும், நீதவான் சிங்களத்தில் கேட்பதைத் தமிழில் சொல்ல வேண்டும், வழக்கறிஞருக்குக் கோபம் வந்து இங்கிலீஷுக்குத் தாவினால் நானும் கூடவே தாவ வேண்டும். ஒரு சொல் கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. 'தள்ளினவன்' என்று சாட்சி சொன்னதை 'அடிச்சவன்' என்று நான் சொல்லிவிட்டால் ஒரு மனிதன் மறியலில் கம்பி எண்ணுவான். ஆகவே அர்த்தமில்லாமல் வாயைத் திறக்கிறவர்களை எனக்குக் கண்ணிலே காட்டக் கூடாது. அப்படிப்பட்ட எனக்கு வாய்த்த மனுசன் அந்நிய பாஷையில் ஜெபிக்கிறவர்.

கலியாணம் கட்டின காலத்தில் அவர் அப்படி இல்லை. துறைமுகத்தில் கிளாக்காக இருந்தார், வாய் திறக்கமாட்டார். பென்ஷன் எடுத்த பிறகு, பழைய வேலைத்தலத்துக் கூட்டாளி ஒருவர் அவரைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பெயின்ற் கடைக்கு மேல்மாடியில் சின்னச் சபை. நான் வெள்ளவத்தையில் பிறந்ததிலிருந்து போன வேதக்கோயில் வேறு மாதிரி. அங்கே ஓர்கன் வாசிப்பார்கள், பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுவோம், பிரசங்கம் நீண்டால் மணிக்கூட்டைப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடந்து என் கோயிலுக்குப் போவேன், அவர் பஸ் ஏறித் தன் சபைக்குப் போவார். மத்தியானச் சோற்றுக்குத்தான் சந்திப்போம்.

ஒரேயொரு தடவை அவர் கெஞ்சியதால் நானும் போனேன். பாட்டு முடிந்தது, எல்லாரும் கையைத் தூக்கினார்கள், பிறகு ஆளுக்கொரு பாஷை, பரிசுத்த ஆவி பேசவைக்கிறதாம். எனக்கு மூன்று பாஷை தெரியும், அதில் ஒன்றுமில்லை. வீட்டில் நாளைக்குப் பத்துச் சொல் பேசாத என் மனுசன் கண்ணை மூடிக்கொண்டு, கன்னமெல்லாம் தண்ணீராக, கொட்டித் தள்ளுகிறார். முன்வரிசையில் ஒரு பெண் நின்றாள். பக்கத்துத் தெருவில் தையல்கடை வைத்திருப்பவள், நாற்பது வயதிருக்கும். அவளுக்கு வியாக்கியான வரம் இருக்கிறதாம். அதாவது யாராவது பாஷை பேசினால் அதன் அர்த்தத்தைத் தமிழில் சொல்வாள். இவர் நாலு நிமிடம் பேசினார். அவள் இரண்டே வரியில் முடித்துவிட்டாள், "மகனே, பயப்படாதே, நான் உன் பாதையைச் செவ்வையாக்குவேன்" என்று. அடி என் ராசாத்தி, மிச்சம் மூன்றரை நிமிடம் எங்கேயம்மா போனது என்று கேட்க எனக்கு நாக்கு நுனியில் வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் விசாரணையைத் தொடங்கினேன்.

"என்ன சொன்னனீங்கள் அங்க?"

"தெரியாது."

"தெரியாமலோ அவ்வளவு நேரம் கதைச்சனீங்கள்?"

"சொல்லுத் தேடித் தேடிக் கதைக்கிறது கஷ்டமப்பா. அது இல்லாமல் கதைக்கேக்கை மனம் லேசாகுது."

"எனக்கு விளங்காத பாஷை கொழும்பில இல்லை," என்றேன்.

அவர் சிரித்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனம் ஏன் பாரமாக இருக்கிறது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிறகு நான் அந்த மேல்மாடிக்குப் போகவுமில்லை.

அவரிடம் எனக்குப் பிடிக்காத இன்னொரு பழக்கமும் இருந்தது. பின்னேரங்களில், ரெயில் போகிற நேரம், பல்கனியில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து "இஞ்சாரும்" என்று கூப்பிடுவார், 'இங்கே பாரும்' என்பதன் தேய்வு. எங்கள் ஆட்களில் புருசன்மார் பெண்சாதியின் பெயரைச் சொல்வது குறைவு. முப்பத்தெட்டு வருடத்தில் அந்த வீட்டில் எனக்கிருந்த பெயர் இஞ்சாரும் மட்டும்தான். நான் அடுப்பை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் "என்ன?" என்று கேட்பேன். "ஒண்டுமில்லை" என்பார். "ஒண்டுமில்லாட்டி ஏன் கூப்பிட்டனீங்கள்?" "சும்மா." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசி வருடங்களில் நான் போவதையே விட்டுவிட்டேன். குசினிக்குள் நின்றபடியே, "காது கேக்குது, என்னெண்டு சொல்லுங்கோ!" என்று கத்துவேன். அதன் பிறகு சத்தம் வராது.

ஒருநாள் காலையில் முகம் வழித்துக்கொண்டு நின்றவர் அப்படியே சுவரோடு சரிந்துவிட்டார். பாரிசவாதம். வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும், சொற்களை எடுக்கிற இடம்தான் பழுதாகிவிட்டது என்று டாக்டர் விளங்கப்படுத்தினார். மூன்றாம் வாரம் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. "சலோரி." தமிழுமில்லை, சிங்களமுமில்லை. பசித்தாலும் சலோரி, நொந்தாலும் சலோரி. அந்த ஒரு சொல்லை மட்டும் கடவுள் அவருக்கு விட்டுவைத்திருந்தார்.

எனக்கா பயம்? உரைபெயர்ப்பாளரல்லவா நான்! மிச்சமிருந்த நீதிமன்றக் குறிப்புக் கொப்பி ஒன்றை எடுத்து அகராதி எழுதத் தொடங்கினேன். கடைசி எழுத்து மேலே போனால் தேத்தண்ணி. நடுவில் இழுத்தால் ஃபேனை நிறுத்த வேண்டும், குளிர்கிறது. இரண்டு தரம் அவசரமாக வந்தால் கக்கூஸ். வெட்டிச் சொன்னால் டீவியில் அரசியல்வாதி, உடனே மாற்ற வேண்டும். ஒன்றரை மாதத்தில் எட்டு அர்த்தம் பிடித்துவிட்டேன். கைகாலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணுக்கும் அந்தக் கொப்பியைக் காட்டிப் பெருமையடித்தேன்.

ஒன்பதாவதுதான் பிடிபடவில்லை. பின்னேரம் கடற்கரை ரெயில் போகிற நேரத்தில், இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, ஒரே ஒரு தரம் சொல்வார். சலோரி. தேத்தண்ணியா? தலையை ஆட்டுவார், இல்லை. தலையணையா? இல்லை. நோகிறதா? இல்லை. யன்னல், போர்வை, மருந்து, போதகரைக் கூப்பிடவா, எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியில் கையை விட்டுவிடுவார். கொப்பியில் ஒன்பது என்று இலக்கம் போட்டு, பக்கத்தில் வரியை வெறுமையாக விட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை சபையிலிருந்து நாலைந்து பேர் ஜெபிக்க வந்தார்கள். தையல்கடைப் பெண்ணும் வந்திருந்தாள். கட்டிலைச் சுற்றி நின்று ஜெபம் தொடங்கினதும் இவர் வாயைத் திறந்தார். சலோ...ரி, சலோ...ரி. "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்! படுக்கையிலும் பாஷை!" என்று எல்லாருக்கும் அழுகை. அது எபிரேயச் சொல் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அந்தப் பெண் அவர் தலையில் கையை வைத்தாள். "மகனே, உன் கண்ணீரைக் கண்டேன், உன்னைத் திரும்ப எழும்பப் பண்ணுவேன்."

எனக்குள் இருந்த முப்பத்தொரு வருடமும் எழும்பி நின்றது.

"தங்கச்சி," என்றேன், "அவர் ஃபேனை நிப்பாட்டச் சொல்லுறார்."

போய் சுவிட்சை அமத்தினேன். உடனே அவர் நிறுத்தினார். ஊற்றி வைத்த தேத்தண்ணியை ஒருவரும் தொடவில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார்கள். நான் வென்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கிறார், தோள் குலுங்குகிறது. என் மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிழையில்லை. அந்த மேல்மாடியில்தான் அவர் ஒரு மனிதனாகப் பேசியிருந்தார். அந்த ஆட்களுக்கு முன்னால் நான் அவரை ஃபேன் கேட்கிற நோயாளியாக்கிவிட்டேன். இரண்டு நாள் சலோரியும் வரவில்லை.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில், இரண்டாவது தரம் வந்த வாதத்தோடு போய்விட்டார். கடைசிப் பின்னேரமும் மணிக்கட்டைப் பிடித்தார், சொன்னார். நான் போர்வையை இழுத்துவிட்டேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. செத்தவீட்டுக்கு வந்த சனம் போன பிறகு வீடு என்னோடு மட்டும் மிஞ்சியது. கடைக்காரரோடு சிங்களம், வங்கியில் இங்கிலீஷ், மாடிப்படியில் எதிர்வீட்டுக்காரியோடு "ஓம், இருக்கிறன்." மூன்று பாஷை இருந்தும், சில நாட்களில் படுக்கப்போகும்போதுதான் யோசிப்பேன், இன்றைக்கு நான் பேசினது பாண் வாங்கினபோது மட்டும்தானே என்று. கொப்பியை எடுத்து அந்த ஒன்பதாம் இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். சாகப்போகிற மனிதன் நாள் தவறாமல் ஏதோ கேட்டிருக்கிறார், நான் கொடுக்கவில்லை. என்ன கேட்டார்? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. தனிமையை எப்படியும் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியவில்லை.

ஆறு மாதம் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கோயிலுக்கென்று சேலை உடுத்திக்கொண்டு இறங்கின நான் பஸ் ஏறிவிட்டேன். கொட்டாஞ்சேனையில் இறங்கி, பெயின்ற் வாசனை அடிக்கிற அந்தப் படியில் ஏறி, கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவர்கள் கையைத் தூக்கின நேரம் நானும் எழும்பினேன். கண்ணை மூடினேன். எனக்குத் தெரிந்த அந்த ஒரே அந்நிய பாஷையைச் சொன்னேன்.

சலோரி. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு தேத்தண்ணிச் சலோரி, குளிர்ச் சலோரி, எல்லாம் அவர் குரலின் ஏற்ற இறக்கத்தோடு வந்தன. கடைசியில் அந்த ஒன்பதாவது. அதைச் சொன்னதும் கதிரையைப் பிடித்துக்கொண்டு குழறி அழுதேன். பக்கத்தில் யாரோ "அம்மாவுக்கும் அபிஷேகம்!" என்றார்கள். அந்தத் தையல்கடைப் பெண் வந்து தோளைப் பிடித்தாள்.

"இது என்னெண்டு சொல்லு தங்கச்சி," என்றேன். "உனக்கு வரம் இருக்குத்தானே. அவர் என்ன கேட்டவர்? சொல்லு."

எந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேன். சத்தியமாக நம்பியிருப்பேன். அவள் கண்ணை மூடிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் வரல ஆன்டி," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு உங்க வீட்டுலயும் வரல. அங்கிளப் பாத்ததும் தாங்க முடியல, ஏதாச்சும் நல்லதா சொல்லணும்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் நான் வியாக்கியானம் சொல்றதையே விட்டுட்டேன்."

"நான் சொன்னதும் சரியில்லை," என்றேன். "ஃபேன் எண்டது சரி. சொன்ன விதம் சரியில்லை."

சபை கலைந்த பிறகு இரண்டு பேரும் பின்வரிசையில் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்தோம். என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன், அர்த்தம் தெரியாமல் எதற்காகப் பேசுகிறீர்கள் என்று. இந்த முறை குற்றம்பிடிக்கக் கேட்கவில்லை.

"அதுல நாங்க ஒண்ணும் கேக்கிறதில்ல ஆன்டி," என்றாள். "ஏதாச்சும் வேணும்னா தமிழ்லயே கேட்டுருவோமே. இது ஆண்டவரச் சும்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்கிறது. அவரு இருக்காருன்னு தெரிஞ்சா போதும்."

தலையை ஆட்டிவிட்டு வந்து பஸ் ஏறினேன். கொள்ளுப்பிட்டி தாண்டி, ஒரு தரிப்பில் பஸ் நின்றபோது என் வாய் தானாக "சும்மா" என்றது. பக்கத்தில் இருந்த சிங்களப் பிள்ளை திரும்பி, "மொகத ஆன்டி?" என்று கேட்டது, என்ன விசயம் என்று. "முகுத் நே," என்றேன். ஒன்றுமில்லை. சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. ஒண்டுமில்லை. சும்மா. ஐயோ, என்ர கடவுளே! பல்கனிக் கதிரை, பின்னேரம், ரெயில் போகிற நேரம். மூன்று பாஷை படித்த மடைச்சிக்கு இது விளங்கவில்லையே! ஒரு சாமானும் கேட்காத மனிதனுக்கு நான் தேத்தண்ணியையும் தலையணையையும் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பஸ்ஸென்றும் பாராமல் அழுதேன். அந்தப் பிள்ளை தன் தண்ணீர்ப் போத்தலைத் தந்தது.

வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்தேன். ஒன்பது என்ற இலக்கத்துக்குப் பக்கத்தில் எழுதினேன்: இஞ்சாரும். இதற்குச் சாட்சி இல்லை. எந்த நீதவானும் ஏற்கமாட்டார், பரவாயில்லை.

பின்னேரம் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபோது ரெயில் வருகிற சத்தம் கேட்டது. அடுப்பை நிறுத்தினேன். கையைத் துடைத்துக்கொண்டு பல்கனிக் கதவடிக்குப் போனேன். கதிரை அவர் விட்ட இடத்தில் கிடந்தது. என்ன என்று நான் கேட்கவில்லை.

"ஓம்," என்றேன். "இஞ்சதான் நிக்கிறன்."