காத்திருக்கத் தெரியாத எம்லின்

எங்கள் ஊர்ச் சந்தையில் எம்லின் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஆளைப் பண்ணைப் பெயரோடு சேர்த்துத்தான் சொல்வோம். ஹெண்ட்ரே பண்ணைக்காரி நான், அதனால் பெத்தான் ஹெண்ட்ரே. எனக்கு அடுத்த பண்ணைக்காரன் எம்லின் பிரின்டீ. இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே தேவாலயம், ஒரே மலை. அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது. பரவாயில்லை, வரட்டும்.

வேல்ஸின் இந்த மூலையில் மலைக்கு வேலி கிடையாது. என் ஆடு எதுவரை மேயும், அவன் ஆடு எதுவரை மேயும் என்பது ஆடுகளுக்கே தெரியும். தாய் மேய்ந்த இடத்தில் குட்டி மேயும், அந்தக் குட்டி தாயானதும் தன் குட்டிக்கு அதே இடத்தைக் காட்டும். இதை எங்கள் மொழியில் கனெவின் என்போம். அதனால்தான் பண்ணை கைமாறினாலும் மலை மந்தை மலையோடேதான் கைமாறும். கிழட்டு ஆட்டை விற்பார்கள், வளர்ந்த குட்டிகளை விற்பார்கள், ஆனால் மந்தையையே மலையை விட்டு இறக்கி விற்க மாட்டார்கள். இதற்குச் சட்டம் எதுவும் இல்லை. அப்படி ஒருத்தன் செய்வான் என்று யாருக்கும் தோன்றாததால் யாரும் சட்டம் போடவில்லை.

எம்லினுக்கு எல்லாம் வரும், காத்திருக்க மட்டும் வராது. டீத்தண்ணி கொதிக்கும்வரை பொறுக்க மாட்டான், வெதுவெதுப்பாகவே ஊற்றிக் குடித்துவிட்டுப் போவான். மெனாவிடம் கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவள் ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றாளாம். வெள்ளிக்கிழமையே வாசலில் வந்து நின்று, “சரின்னு சொல்லு, இல்ல முடியாதுன்னு சொல்லு. ஞாயித்துக்கிழம வரைக்கும் எனக்குச் சாப்பாடு எறங்காது” என்றானாம். அவள் சிரித்துவிட்டாள், அத்தோடு கல்யாணம் முடிவானது. அப்பா செத்து இருபத்து நாலு வயதில் பண்ணை அவன் தலையில் விழுந்தபோதும் ஒரு வாரம்கூட யோசிக்கவில்லை. வருஷம் தவறாமல் நவம்பர் ஐந்தாம் தேதி, ஊரே வாணவேடிக்கை விடும் அன்று, தாயாடுகளோடு கிடாவை விடுவான். ஏப்ரல் முதல் தேதியை ஒட்டிக் குட்டிகள் விழும். மழை, பனி, காய்ச்சல், எதற்காகவும் அந்தத் தேதி நகர்ந்ததில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்று நாட்டையே கேட்டபோது அவன் விலகலாம் என்று ஓட்டுப் போட்டான். நான் வேண்டாம் என்று போட்டேன். இரண்டு பேரும் அதை மறைக்கவில்லை.

“ஆட்டுக் காதுல ஒரு நம்பர் வில்லை விழுந்துபோச்சுன்னு எனக்கு அபராதம் போட்டவங்க பெத்தான் அவங்க. மலையில முள்ளுப் பொதரு இருக்கு, வில்ல விழத்தான் செய்யும். அவங்க ஆபீஸ் இருக்கற பிரஸ்ஸல்ஸ்ல முள்ளு இல்லியா?” என்றான்.

“வில்லை மாட்டிவிட்ட உன் ஆட்டுக்குட்டியத் திங்கறதே அந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கவங்கதான்டா” என்றேன்.

“திங்கறவன் எப்படியும் திம்பான்.”

எங்கள் குட்டிகளில் பெரும்பங்கு பிரான்ஸ் பக்கம் போகிறது. ஒப்பந்தம் இல்லாமல் விலகினால் அங்கே வரி விழும். வரி என்றால் கொஞ்சநஞ்சம் இல்லை, விலையில் பாதிக்குக் கிட்டே. அப்புறம் எங்கள் கறியை அங்கே யார் வாங்குவார்கள்? ஒப்பந்தம் உண்டா, இல்லையா, எப்போது என்பதில்தான் எங்கள் பிழைப்பே தொங்கியது. அதைச் சொல்லத்தான் லண்டனில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

விலகும் நாள், ஓட்டுப் போட்டு மூன்றாவது வருஷம், மார்ச் இருபத்தொன்பது என்றார்கள். அதாவது குட்டி விழும் நேரம். தாயாடுகள் வயிறு தள்ளிக்கொண்டு கொட்டகையில் நிற்க, எம்லின் ஒரு கையில் பால்புட்டியும் காதருகே ரேடியோவுமாகத் திரிந்தான். நாடாளுமன்றத்தில் இதற்கும் வேண்டாம் என்றார்கள், அதற்கும் வேண்டாம் என்றார்கள். அந்த நாள் வந்தது, ஒன்றும் நடக்காமல் போனது. பிறகு ஏப்ரலில் ஒரு நாள் என்றார்கள். அதுவும் போனது. கடைசியில் அக்டோபர் முப்பத்தொன்று என்று அடித்துச் சொன்னார்கள். கிடா விடும் நாளுக்கு ஐந்து நாள் முன்னால்! எங்கள் வீட்டுக் காலண்டரைப் பார்த்து வேண்டுமென்றே குறித்தது போல இருந்தது.

“ஆடு குட்டி போடுறத இவங்க தள்ளி வெப்பாங்களா?” என்று வாளியை எட்டி உதைத்தான் எம்லின். “போறதுன்னா போங்க. இருக்கறதுன்னா இருங்க. எதையாவது சொல்லித் தொலைங்கடா!”

“போகணும்னு சொன்னவனே நீதானே” என்று நானும் விடவில்லை.

“போகச் சொன்னேன் தாயே. வாசல்லயே நின்னுகிட்டு செருப்பத் தேடச் சொல்லல.”

அந்தக் கோடை முழுக்க இதே கதைதான். இந்த முறை நிச்சயம் என்பார்கள், மறுவாரம் அதுவும் சந்தேகம் என்பார்கள். சந்தையில் ஆளாளுக்குப் பயந்து குட்டிகளை முன்கூட்டியே கொண்டுவந்து தள்ள, விலை கீழே இறங்கியது. எல்லோருக்கும் எரிச்சல்தான். ஆனால் எம்லினை அது வேறு மாதிரி பிடித்து ஆட்டியது. நஷ்டம் என்றால் தாங்குவான், அதை வாழ்நாளெல்லாம் பார்த்தவன். என்ன ஆகும் என்று தெரியாமல் இருப்பதுதான் அவனை அரித்தது. பேசுவது குறைந்தது, சாப்பாடு குறைந்தது. மலைக்குப் போனால் பாதியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அக்டோபர் பாதியில் மெனா என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“மந்தைய விக்கப் போறாராம்.”

“கெழட்டு ஆட்டத்தானே?”

“மொத்தத்தையும். மாசக் கடைசித் திங்கக்கிழம ஏலத்துல பேரு குடுத்துட்டு வந்துட்டாரு. வெலகறதுக்கு முன்னாடி கடைசி ஏலமாம். அப்புறம் ஆட்ட எவனும் சீந்த மாட்டானாம். நீயாவது சொல்லேன் பெத்தான். நான் பேசுனா அந்த மனுஷனுக்கு ரேடியோ பேசுற மாதிரி.”

நான் நேராகப் பிரின்டீக்குப் போனேன். கொட்டகையில் கிடாவின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தான்.

“லூசாடா நீ? மலையில இருந்து மந்தைய எறக்குவியா? தாத்தா காலத்துல இருந்து தாயும் பிள்ளையுமா நிக்கற ஆடுடா. ஒரு தடவ எறக்குனா அவ்வளவுதான். அந்தப் பக்கம் காலியானா என் ஆடும் எடம் மாறி அலையும். எனக்கும் சேத்துத்தான் குழி தோண்டற.”

“குட்டி வளந்து நிக்கற நேரத்துல வாங்க ஆள் இல்லேன்னா என்ன பண்ண? புதைக்கவா?”

“ஆள் இருக்கா இல்லையான்னு இன்னும் யாருக்கும் தெரியாதே.”

“அதான் பெத்தான்! அதான்!” என்று கத்தியைத் தரையில் எறிந்தான். “யாருக்கும் தெரியல. மூணு வருஷமா யாருக்கும் தெரியல. எனக்காவது ஏதாவது ஒண்ணு தெரிஞ்சாகணும். ஆடு போச்சுன்னா, போச்சுன்னு தெரியும். நைட்டு தூங்குவேன்.”

அவனுக்குத் தூக்கம் வர மலை காலியாக வேண்டுமாம். கிடாவின் கொம்பைப் பிடித்தபடி நின்று என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் குனிந்து கத்தியை எடுத்து மறுபடி சீவ ஆரம்பித்தான்.

அந்தத் திங்கட்கிழமை சந்தையில் எள் போட்டால் எள் விழாது. பிரின்டீ மந்தை ஏலத்துக்கு வருகிறது என்ற செய்தி பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியிருந்தது. ஆடுகள் வட்டத்துக்குள் வந்தபோது எங்கள் ஊர்க்காரர் ஒருவர்கூட விலை கேட்கவில்லை. கேட்க வெட்கம். இங்கிலாந்து எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சமவெளிக்காரர் ராட்லி என்பவர் மொத்தத்தையும் எடுத்தார். எம்லின் அவரோடு கை குலுக்கி, வழக்கப்படி ஒரு நோட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். விற்றவன் வாங்கியவனுக்குக் கொடுக்கும் அதிர்ஷ்டக் காசு அது. அது கைமாறினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அப்புறம் சந்தைக் காண்டீனில் உட்கார்ந்தோம். மெனா, எம்லின், நான். மூலையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள். விலகல் மறுபடி தள்ளிப் போகிறது, ஜனவரிவரை தவணை என்று செய்தி வாசித்தார்கள். காண்டீன் முழுக்க ஒரு சிரிப்பு எழுந்தது, வயிற்றெரிச்சலில் வரும் சிரிப்பு. எம்லின் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

வண்டியில் ஆடுகளை ஏற்றிக்கொண்டிருந்த ராட்லியின் காதுக்கும் செய்தி போயிருக்கிறது. மனுஷன் நேராக எங்கள் மேஜைக்கு வந்து, எம்லின் கொடுத்த அதே நோட்டை மேஜைமேல் வைத்தார்.

“நானும் ஆட்டுக்காரன்தான். மல மந்தன்னா என்னன்னு எனக்கும் தெரியும். இத எடுத்துக்கங்க. ஆட்ட எறக்கச் சொல்லிடறேன். எனக்கு வேற எடத்துல கெடைக்கும்.”

கடவுளே இறங்கி வந்தது போல இருந்தது எனக்கு. மெனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எம்லின் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விரலால் அவர் பக்கம் தள்ளினான்.

“கை குடுத்தாச்சு.”

“எடுடா!” என்று கத்தினேன். காண்டீனே திரும்பியது. “எடுத்துத் தொலைடா, கெஞ்சிக் கேக்கறேன்.”

“நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. அததானே பெத்தான் அவங்க பண்றாங்க? நானும் அவங்கள மாதிரி ஆகணுமா?”

“அவங்க சொன்னத மாத்தினாலும் மாசச் சம்பளம் வந்துரும். நீ மாத்தலேன்னா மலை காலிடா!”

“நான் சொன்னா சொன்னதுதான்” என்று எழுந்து போய்விட்டான். ராட்லி என்னைப் பார்த்தார், மெனாவைப் பார்த்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டு நோட்டை எடுத்துக்கொண்டார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. மெனா அழவில்லை. “இந்த மனுஷனோட கௌரவத்த அடுப்புல வெச்சு எரிக்கணும்” என்றாள்.

அந்த நவம்பரில் ஊர் வாணவேடிக்கை விட்டது, பிரின்டீ கொட்டகையில் கிடா தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. ஆடு இல்லாமல் அவனால் எத்தனை நாள் இருக்க முடியும்? காத்திருக்கத்தான் தெரியாதே. குளிர்காலம் முடிவதற்குள் வேறு பள்ளத்தாக்கிலிருந்து ஒரு மந்தையை வாங்கி மலையில் விட்டான். அவை மலையைப் பார்த்தன, மலை அவற்றைப் பார்த்தது, ஒன்றுக்கொன்று அறிமுகம் இல்லை. காலையில் மேலே ஓட்டிவிட்டால் மத்தியானம் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும், சாயங்காலம் அடுத்த ஊர் பெட்ரோல் பங்கில் நிற்கும். இடையில், ஜனவரிக் கடைசியில், நாடும் ஒரு வழியாக விலகித் தொலைத்தது. மறுநாள் காலையில் எங்களுக்கு எதுவும் மாறவில்லை. அந்த வருஷக் கடைசியில், கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒப்பந்தமும் வந்தது. ஆட்டுக்கறிக்கு வரி கிடையாது என்றார்கள். அடுத்த வசந்தத்தில் குட்டிக்கு நான் என் ஆயுளில் பார்க்காத விலை. என் குட்டிகளை விற்றுவிட்டு வந்து வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் கோபம்தான் வந்தது. அவன்மேலா, அவர்கள்மேலா என்றுகூடத் தெரியாத கோபம்.

அந்த ஜூனில் ஒரு காலை என் தோட்டத்து முட்டைக்கோஸ் பாத்தியில் பிரின்டீ ஆடுகள். திட்ட வாயைத் திறந்துகொண்டே வெளியே ஓடினேன். எம்லின் நாயோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். முகம் காய்ந்துபோயிருந்தது. மலைக்கும் ரோட்டுக்கும் நடுவே தானே வேலியாக நின்று நின்று மனுஷன் பாதியாகியிருந்தான்.

“மன்னிச்சுக்கோ” என்றான். நாயை அதட்டிவிட்டு, “பெத்தான், இதுங்க மலையப் பழக எவ்வளவு நாளாகும்?” என்று கேட்டான்.

“உனக்குத் தெரியாதா?”

“தெரியும். உன் வாயால கேக்கணும்.”

“பதினஞ்சு வருஷம். ஒழுங்கா மேய்ச்சா.”

அவனுக்கு அப்போது அறுபத்து மூன்று. கம்பை ஊன்றிக்கொண்டு மலையை அண்ணாந்து பார்த்தான்.

“அவங்களுக்குக் கேக்கக் கேக்கத் தவணை கெடைச்சுது” என்றான். “எனக்கு வேணும்னா நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?”

திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படலைத் திறந்து பிடித்துக்கொண்டேன். ஆடுகள் முட்டி மோதி வெளியே வந்தன, மலைப் பக்கம் ஒன்றுகூடத் திரும்பவில்லை. எல்லாம் ரோட்டில் இறங்கி ஓட, எம்லின் அவற்றின் பின்னால் ஓடினான்.