உதிரிக்காக ஒரு துப்பாக்கி

தேயிலையைக் காட்டுப்பன்றி தின்னாது. அதனால் எங்கள் வீட்டுத் துப்பாக்கிக்குப் பல வருஷங்களாக வேலையே இருந்ததில்லை.

கோத்தகிரிக்குப் போகும் வழியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு தேயிலைத் தோட்டம். அவிநாசிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த என் மாமனார் வாங்கியது. எஸ்டேட் வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து அந்தத் துப்பாக்கியையும் அவர்தான் வாங்கியிருக்கிறார். விசையைச் சுற்றி வளையம்போல ஒரு லீவர் இருக்கும். அதைக் கீழே இறக்கி மேலே ஏற்றினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறித்து விழும், அடுத்த தோட்டா உள்ளே போகும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று கொடுத்த லைசென்ஸ், மாமனாருக்குப் பிறகு என் வீட்டுக்காரர் பேருக்கு வந்தது. படுக்கையறை அலமாரியில், அவருடைய வேட்டிகளுக்குப் பின்னால் அது நின்றுகொண்டிருந்தது. ஆயுத பூஜைக்கு ஒரு சந்தனப் பொட்டு. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுப் பிறகு வாங்கி வர வேண்டும். அவ்வளவுதான் அதன் வாழ்க்கை.

பிறகு தேயிலை விலை விழுந்தது. கொழுந்து பறிக்கிற கூலிக்கே இலை விலை கட்டவில்லை. சில நாள் ஃபேக்டரியில் இலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மூட்டை மூட்டையாகக் கொழுந்து ரோட்டோரத்தில் கறுத்துக் கிடக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கிளை வெட்டிக் கவாத்துகூடச் செய்யாமல் செடியை அப்படியே விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிப் போனார்கள். என் வீட்டுக்காரர் ஓடையை ஒட்டியிருந்த தேயிலையை வேரோடு பிடுங்கிவிட்டு உருளைக்கிழங்கு போட்டார். அவருடைய அப்பா வைத்த செடிகள். பிடுங்கி முடித்த அன்று அவர் சாப்பிட உட்காரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மண்ணுக்குள் கிழங்கு திரண்டதும் பன்றிகள் வந்தன. ஒரே வாரத்தில் பாதி வயலை மூக்கால் உழுது போட்டுவிட்டன. தகரத்தைத் தட்டிப் பார்த்தோம், பட்டாசு வெடித்தோம். கொஞ்ச நாளில் அதற்கெல்லாம் பழகிக்கொண்டன. பன்றியைக் கொல்ல அனுமதி கிடையாது. ஆனால் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியில் ஒரு வெடி வைத்தால் போதும், மலை முழுக்கச் சத்தம் உருண்டு போகும், பன்றிகள் சோலைக்காட்டுக்குள் ஓடிவிடும் என்றார்கள் ஊர்க்காரர்கள்.

வெளிச்சம் குறையத் தொடங்கிய ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் துப்பாக்கியை எடுத்துப் போய் வெடித்தார். பன்றிகள் ஓடின. நான் வாசலில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் திரும்பி வந்தபோது முகம் சரியாக இல்லை.

"கூடு உள்ளயே மாட்டிக்கிச்சு. லீவர் மட்டும் வெறுமனே வந்துட்டுப் போகுது" என்றார்.

போன தேர்தலுக்கு ஒப்படைத்து ஸ்டேஷனில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்ததில் உள்ளே துரு ஏறியிருந்தது. சுட்ட கூட்டைப் பிடித்து வெளியே இழுக்கிற சின்னக் கொக்கி ஒடிந்துபோயிருந்தது. என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இரும்பு, அது போய்விட்டால் துப்பாக்கி வெறும் தடிதான்.

அதைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய், லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை ஒன்றில் கொடுத்துவிட்டு வந்தார். கடைக்காரர் சொன்னதை அன்று ராத்திரிச் சாப்பாட்டில் என்னிடம் சொன்னார். இந்த மாடலுக்கு உதிரி வந்து எத்தனையோ காலமாகிறது. இரும்பை அரத்தால் ராவிப் புதிதாகச் செய்து போடலாம், ஆனால் எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது. கொக்கி போனால் அடுத்து ஸ்ப்ரிங் போகும். இதே மாடலில் இன்னொன்று கிடைத்தால் பிரித்து உதிரியாக வைத்துக்கொள்ளலாம், ஆயுசுக்கும் கவலையில்லை.

"அப்படி ஒண்ணு அவரு கடை இரும்பறையிலயே இருக்குதாம். குன்னூர்ல ஒரு அம்மாவோடது. வீட்டுக்காரரு தவறிப்போனதும் கொண்டுவந்து வெச்சதாம். நீயே போய்க் கேட்டுப் பாரேன்."

"நானா? நீங்க கேட்டா ஆகாதா?"

"தாலி இழந்தவங்க கிட்டப் போய், உங்க வீட்டுக்காரரு துப்பாக்கியக் கொடுங்க, பிரிச்சுப் போடறேன்னு நான் எப்படிக் கேப்பேன்?"

அது நான் கேட்டாலும் அப்படித்தானே இருக்கும் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் வயலை நினைத்துக்கொண்டு போனேன்.

குன்னூரில் ஏற்றமான சந்து ஒன்றில் அந்த அக்காவின் வீடு. அறுபதைத் தாண்டியவர், ஒல்லியாக, கம்பளி ஸ்வெட்டருக்கு மேல் முந்தானையைச் செருகியிருந்தார். அவர் கணவர் ஒரு பெரிய எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். காட்டை ஒட்டிய குவார்ட்டர்ஸில்தான் இவர்கள் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். இப்போது மகன் திருப்பூரில், மகள் ஓசூரில். எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, நான் வந்த விஷயத்தை முழுக்கக் கேட்டார்.

"துண்டு துண்டாப் பிரிக்கறதுக்கா, கண்ணு?"

"ஆமாங்க அக்கா."

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "அந்தத் துப்பாக்கியால எனக்கும் அவருக்கும் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமில்ல. ரெண்டு குழந்தைங்க ஓடற ஊட்டுல அது எதுக்குன்னு கேப்பேன். காடு பக்கத்துல இருக்குதேம்பாரு. அலமாரிக்கு முன்னால தினமும் நாற்காலியப் போட்டு வெச்சுட்டுத்தான் படுப்பேன். இப்ப அதைப் பிரிக்கறேன்னு நீ வந்து நிக்கற, எனக்கு மனசு வர மாட்டேங்குது. பாரு, எப்படி இருக்குதுன்னு."

நான் கட்டாயப்படுத்தவில்லை. எங்கள் ஊருக்கு எந்த பஸ் வரும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். சும்மா கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

நாலைந்து நாள் கழித்து, நான் வயலில் நின்றிருக்கும்போது ஒரு குடை மேட்டிலிருந்து இறங்கி வந்தது. அந்த அக்கா. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாத்திகளுக்கு நடுவே நடந்தார். முந்தின ராத்திரி பன்றிகள் கிளறிப் போட்ட இடத்தில் குனிந்து, பாதி கடித்த கிழங்கு ஒன்றை எடுத்து மண்ணைத் தட்டினார்.

"நல்ல பகுதி வீணாப் போகோணுமா? வெட்டிட்டுச் சமைக்கலாம்" என்று பையில் போட்டுக்கொண்டார். இன்னும் நாலைந்து பொறுக்கினார். பிறகு நிமிர்ந்து, "இரும்பறைக்குள்ள சும்மா நிக்கறதுக்கு இங்க வந்து ஏதோ உபயோகமா இருக்கட்டும். ஆனா பிரிக்கறப்ப நான் பக்கத்துல இருக்கோணும்" என்றார்.

ஒரு திங்கட்கிழமை இரண்டு பேரும் மேட்டுப்பாளையம் வழியாகக் கோயமுத்தூர் போனோம். என் வீட்டுக்காரர் தோட்டத்தை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டார். போலீஸ் சம்பந்தப்பட்ட அனுமதிகளை எல்லாம் கடைக்காரர் முன்னாலேயே முடித்து வைத்திருந்தார். குழலும் உடற்பகுதியும் அவரிடமே இருந்து முறைப்படி போலீஸில் ஒப்படைக்கப்படும். கொக்கி, ஸ்ப்ரிங்குகள், திருகாணிகள் மாதிரிச் சில்லறைச் சாமான்கள் மட்டும் எங்களுக்கு.

அக்காவைப் பார்த்ததும் கடைக்காரர் கொஞ்சம் தடுமாறியதுபோல் இருந்தது. "நீங்க இந்தப் பலகையில உக்காந்துக்குங்க அம்மிணி. கையெழுத்து மட்டும் போதும். உள்ள எண்ணெய் நாத்தமா இருக்கும்" என்றார்.

"பரவால்லைங்க. நான் பாக்கோணும்."

அவர் வேறு வழியில்லாமல் எங்களை உள்ளே அழைத்துப் போனார். மேசைமேல் ஒரு பழைய போர்வையை விரித்து, அந்தத் துப்பாக்கியைப் படுக்க வைத்தார். எங்களுடையது போலவேதான் இருந்தது, கட்டை மட்டும் இன்னும் பளபளப்பு. ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். லீவர் வந்தது. உள்ளே முதுகெலும்பு மாதிரி நீண்ட ஒரு துண்டு வந்தது. அதன் முனையில் நாங்கள் தேடி வந்த கொக்கி, ஒரு கீறல்கூட இல்லாமல். அதைத் தனியே எடுத்து என் கையில் வைத்தார். பிறகு அந்த நீண்ட துண்டைக் கவிழ்த்தவர், அதைக் கீழே வைக்காமல் அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, ஏதாவது உடைஞ்சிருக்குதுங்களா?" என்று நான் கேட்டேன்.

"உடையலைங்க. இதுக்குள்ள ஊசி மாதிரி ஒரு பின் இருக்கோணும். அது போய்க் குத்துனாத்தான் தோட்டா வெடிக்கும். இதுல அது இல்லைங்க."

"துரு தின்னுடுச்சுங்களா?" என்றேன்.

"இல்லைங்க. நான்தான் கழட்டுனேன்." அவர் அக்காவைப் பார்த்துச் சொன்னார். "அப்ப எங்கப்பா கடையில இருந்தாரு, நான் வேலை கத்துட்டிருந்தேன். உங்க வீட்டுக்காரரு வந்து, பையன் அலமாரியத் திறக்கப் பழகிட்டான், சம்சாரத்துக்குத் தூக்கம் இல்லை, இது வெடிக்காத மாதிரி பண்ணிக் குடுங்கன்னாரு. எஸ்டேட்ல யாருக்கும் தெரிய வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு. நாங்களும் சொல்லலைங்க."

அக்கா மேசையில் கிடந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இத்தனை வருஷமும் இது வெடிக்காதுங்களா?"

"வெடிக்காதுங்க."

"எஸ்டேட் ஆளுக குடியிருந்த லயத்துக்குக் காட்டெருமை வந்தப்ப இதத் தூக்கிட்டு முன்னால நின்னாருங்க. ஆளுக அத்தனை பேரும் இவரு முதுகுக்குப் பின்னால நின்னாங்க. நானும் பின்னாலதான் நின்னேன்."

கடைக்காரர் மீதி ஸ்ப்ரிங்குகளை நிதானமாகக் கழற்றி, துணியில் துடைத்து வைத்தார். எங்கள் துப்பாக்கியில் அந்தக் கொக்கியைப் போட்டு, வெற்றுத் தோட்டாவை வைத்து லீவரை இறக்கினார். கூடு டக்கென்று வெளியே விழுந்தது.

சாமான்களைச் சுற்றிக் கொடுக்கும்போது என்னிடம், "உங்க ஊரு ஈரம்தான் இதுக்கு எமன். முதல்ல அடுப்புப் பக்கத்துல வெச்சு நல்லாக் காய விடுங்க. சூடு ஆறுனதும் கெட்டியா கிரீஸ் தடவி, மெழுகுத்தாள்ல ஒவ்வொண்ணையும் தனித்தனியாச் சுத்துங்க. மழை ஓஞ்சதும் பிரிச்சுப் பாத்து மறுபடி தடவுங்க" என்றார். நான் தலையாட்டினேன். அக்கா மரக்கட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். கன்னத்தை வைத்துக் குறி பார்க்கிற அந்தப் பகுதி. அதை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினோம். பர்லியாரில் பஸ் நின்றது. நான் இறங்கி மங்குஸ்தான் பழம் வாங்கி வந்து கொடுத்தேன். ஒன்றை உடைத்து, உள்ளே வெள்ளையாக இருந்த சுளையை எடுக்காமலே கையில் வைத்திருந்தார்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க வெளிய சொல்லிருவீங்கன்னு நினைச்சிருப்பாருங்க" என்றேன்.

"சொல்லியிருப்பேன்தான்" என்றார். "எவ ஒருத்திகிட்டயாவது சொல்லியிருப்பேன். அப்புறம் லயத்துல ஒருத்தனும் அவரு பின்னால நடந்திருக்க மாட்டான்." கொஞ்ச நேரம் கழித்து அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலும் நீர் இருந்தது. "வெறும் கம்பியத் தூக்கிட்டு எருமைக்கு முன்னால நின்னிருக்காரு பாரு அந்த மனுஷன்" என்றார்.

குன்னூரில் அவரை வீட்டில் விட்டுவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தினதைப் பிடித்து ஊர் வந்தேன். சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "உனக்கும் அப்படிப் பயமா?" என்றார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அலமாரி என் தலைமாட்டுக்கு எதிரேதான் இருந்தது. அவர் இதைக் கேட்டது அன்றுதான்.

"ஆமாங்க" என்றேன். "அது இருக்கற பக்கம் திரும்பிப் படுக்க மாட்டேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

அவர் மறுநாள் கோத்தகிரிக்குப் போய் நல்ல பூட்டு ஒன்று வாங்கி வந்தார். அடுத்த வாரம் அவரே போய்த் துப்பாக்கியைக் கோயமுத்தூரிலிருந்து எடுத்து வந்ததும், பண்டசாலையில் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். தோட்டாக்களை வேறு பெட்டியில் வைத்தார். இரண்டு சாவியையும் என்னிடம் கொடுத்து, "வேணுங்கறப்ப உன்கிட்டக் கேட்டு வாங்கிக்கறேன்" என்றார். எங்கள் வீட்டில் அவர் கேட்டு வாங்கிக்கொண்ட சாமான் வேறு எதுவும் கிடையாது.

அந்தப் போகத்தில் பாதிக்கு மேல் கிழங்கைக் காப்பாற்றினோம். வெடிச் சத்தத்துக்கும் பன்றிகள் மெல்லப் பழகத்தான் செய்தன. ஆனாலும் அறுவடைவரை தாக்குப் பிடித்தது. அடுத்த வருஷம் லீவருக்குள் இருந்த தட்டை ஸ்ப்ரிங் ஒன்று ஒடிந்தது. அக்காவுடையதிலிருந்து எடுத்ததைக் கடைக்காரர் போட்டுக் கொடுத்தார். தேர்தலுக்கு ஒப்படைத்துவிட்டு வாங்கி வரும்போதெல்லாம், முதல் வேலையாக என் வீட்டுக்காரர் அதை முழுக்கத் துடைத்து எண்ணெய் போடுவார். உதிரிகளை எடுத்துப் பார்த்துக் கிரீஸ் தடவுவது என் வேலையாகிவிட்டது. ஒரு தடவை லீவுக்கு வந்திருந்த என் மகள், அம்மா சமையல் சாமான் மாதிரியே இதையும் அடுக்கி வைக்கிறாள் என்று கேலி செய்தாள்.

கிழங்கு தோண்டுகிற நாளில் அக்காவுக்கு ஒரு மூட்டை கொடுத்தனுப்புவோம். மகனோடு திருப்பூருக்குப் போய்விட்ட பிறகும் போனில் பேசுவார். தேயிலை கொஞ்சம் ஏறியிருக்கிறதாமே, மறுபடி செடி வைக்கப்போகிறீர்களா என்று போன மாசம் கேட்டார். மேட்டுப் பக்கம் மட்டும் வைக்கலாம் என்று இவர் சொல்கிறார், ஓடைப் பக்கம் கிழங்கே இருக்கட்டுமாம் என்றேன். அதுதான் சரி என்றார். அந்த மரக்கட்டையை என்ன செய்தீர்கள் என்று கேட்க நினைத்தேன், அதற்குள் அவர் பேரனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.