ஒன்பது கரிக்கட்டைகள்

கடையில் அவருக்கு 'நெருப்பு சார்' என்று பெயர். காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை அது. முதல் எட்டு ஆண்டுகள் காலணிப் பிரிவில் பிறர் பாதத்தை அளந்துகொண்டிருந்தவர், கடந்த மூன்று ஆண்டு நான்கு மாதமாக, சனிக்கிழமைதோறும் காலை பதினொன்றரை மணிக்கு, 'தீ மூட்ட ஏழு வழிகள்' என்ற செயல்விளக்கம் நடத்திவந்தார். தொடங்கும் முன் ஏணியில் ஏறி, கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவிக்கு ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக் கட்டுவார். பாதுகாப்பில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

வெட்டவெளியில் அவர் ஓர் இரவுகூடப் படுத்ததில்லை. ஒருமுறை மின்சாரம் போனபோது மொட்டை மாடியில் பாய் விரித்தார். கொசு கடித்து இருபது நிமிடத்தில் உள்ளே வந்துவிட்டார். வீட்டு அடுப்பும் பொத்தானைத் திருகினால் எரிவது. ஆனாலும் கடையில் அவர் மூட்டிய தீ ஒரு சனிக்கிழமையும் பிடிக்காமல் போனதில்லை. காரணம் எளிது. அவருக்கு முன்பு அந்த வேலையைப் பார்த்தவர் விட்டுப்போன ஒன்பது கட்டைகளையே அவரும் பயன்படுத்தினார். நாற்பது நொடி எரிந்ததும் மணலைக் கொட்டி அணைத்து, பின்னறையில் குளிர்பெட்டியின் முதுகுப்பக்கம், எப்போதும் சூடாக இருக்கும் இடத்தில் அடுக்கிவிடுவார். பாதி கரியாகி, எலும்பு வரை காய்ந்த கட்டைகள். முறைத்துப் பார்த்தாலே பற்றிக்கொள்ளும். அதைத் தன் கைத்திறன் என்று அவர் நம்பினார். நம்பாமலிருக்க யாரும் அவருக்குக் காரணம் காட்டவில்லை.

இந்நிலையில் முதலாளி ஏரிக்கரையில் ஒரு புதுக் கிளை திறக்க முடிவுசெய்தார். அதன் மேலாளர் நாற்காலிக்கு இரண்டு பேர்: ஒருவர் நெருப்பு சார், மற்றவர் முதலாளியின் மருமகன். மருமகனுக்கு உள்ள தகுதி மருமகன் என்பதுதான்.

"வர்ற சனிக்கிழமை வாடிக்கையாளர்கள் இருபத்தாறு பேர ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போறோம். சாயங்காலம் நீங்க எல்லார் முன்னாடியும் தீ மூட்டணும். ஜம்முனு எரிஞ்சா கிளை உங்களுக்கு. இல்லன்னா என் பொண்ணு வாயில நான் விழ முடியாது, பாத்துக்குங்க" என்றார் முதலாளி.

நெருப்பு சார் வெள்ளிக்கிழமையே ஒன்பது கட்டைகளையும் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, பயணப்பையின் அடியில் வைத்தார். அன்று பிற்பகல் முழுக்க மழை கொட்டியது. அவர் கவலைப்படவில்லை. மழையா குளிர்பெட்டிக்குப் பின்னால் பெய்தது?

சனிக்கிழமை மாலை ஐந்து இருபதுக்கு இருபத்தாறு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவரிடமே வாங்கிய நாற்காலிகளில், அவரிடமே வாங்கிய தொப்பிகளோடு. அவர் பையைத் திறந்தார். துவைத்து மடித்த வெள்ளைக் கம்பளிச் சட்டை ஒன்று இருந்தது. அதன் கீழே இன்னொரு கம்பளிச் சட்டை. அதன் கீழே பையின் அடிப்பாகம்.

மரத்தடிக்குப் போய் மனைவியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஏம்மா, பையில ஒரு துணி மூட்டை இருந்துச்சே?"

"அந்தக் கரி மூட்டையா? ஏங்க, வெள்ளச் சட்டைக்கு நடுவுல யாராவது கரிய வைப்பாங்களா? காலையிலேயே குப்ப வண்டியில போட்டாச்சு. ஏன், அங்க கரி கெடைக்கலையா?"

"கெடைக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஐந்து முப்பத்தைந்துக்கு ஏரிக்கரை விறகை அடுக்கினார். நேற்றைய மழையை அது முழுதாகக் குடித்திருந்தது. முதல் வழி, நனையாத தீக்குச்சி. குச்சி எரிந்தது, விறகு வேடிக்கை பார்த்தது. உரசினால் பொறி பறக்கும் கறுப்புக் குச்சியில் பொறி அழகாகப் பறந்தது. இரண்டு பேர் படம் எடுத்தார்கள். பூதக்கண்ணாடியை எடுத்தபோது சூரியன் மேகத்துக்குள் போய்விட்டது. மின்கலத்தில் வைத்த கம்பி நார் ஒரு கணம் சிவந்து, அவர் விரலை மட்டும் சுட்டது. அடுத்த இரண்டு வழிகளும் புகையோடு நின்றன. கடைசி வழி, வில்லால் கடைகோலைச் சுழற்றுவது; அதை அவர் பதினெட்டு நிமிடம் கடைந்தார். தயிராக இருந்தால் வெண்ணெய் வந்திருக்கும்.

வாடிக்கையாளர்களும் சும்மா இருக்கவில்லை. கடையில் வாங்கிய தீமூட்டும் பெட்டியை அவரவர் திறந்து, அவர் கற்றுக்கொடுத்த வரிசை தவறாமல் ஆளுக்கொரு மூலையில் உரசினார்கள். ஏரிக்கரை முழுக்கப் பொறி. தீ மட்டும் இல்லை.

அவர்களைக் கூட்டிவந்த வேனில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் மெல்ல வந்தார்.

"சார், இதுவரைக்கும் எத்தன வழி ஆச்சு?"

"ஏழு."

"ஏழுல ஒண்ணுலயாவது விறகப் பொளக்கச் சொல்லியிருக்கா?"

நெருப்பு சார் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஒன்றிலும் இல்லை. கடையில் கோடரியைத் தொடக்கூடாது, தரையின் ஓடு உடையும் என்பது முதலாளி உத்தரவு.

"வெளிய தான் சார் ஈரம். உள்ள எப்பிடி இருக்குன்னு பாக்க வேணாமா?"

டிரைவர் தன் கோடரியை எடுத்துவந்து ஒரு கட்டையை நாலாகப் பிளந்தார். நடுப்பகுதி வெளுத்து, காய்ந்து கிடந்தது. அதைச் சிராய் சிராயாகச் சீவி, வேனிலிருந்த மெழுகுவர்த்தித் துண்டைக் கொளுத்தி அடியில் வைத்தார். ஆறு நாற்பத்தொன்றுக்குத் தீ பிடித்தது. பெரிய தீயாக வந்ததும் அதன் பக்கத்தில் ஈர விறகையே சாய்த்து வைத்தார். அதுவும் புகைந்து, காய்ந்து, எரிந்தது.

"எங்க படிச்சீங்க?" என்று நெருப்பு சார் கேட்டார்.

"குளிரும்ல சார்" என்றார் டிரைவர்.

நாற்காலி போய்விட்டது என்று தீர்மானித்து, நெருப்பு சார் வேனின் பின்னிருக்கையில் போய் உட்கார்ந்தார். ஒரு கம்பளிச் சட்டை மேல் இன்னொன்றையும் போட்டுக்கொண்டார். அந்த வகையில் மனைவி பை அடுக்கியது சரியாகவே இருந்தது. அரை மணி கழித்து முதலாளி வந்து கதவைத் தட்டினார். முகம் மலர்ந்திருந்தது.

"என்னய்யா செஞ்சீங்க? பத்தொம்பது பேரு வந்து, இந்தக் குச்சி சரியில்ல, இதவிட ஒசத்தியா இருக்கான்னு கேக்கறாங்க. ஏழு பேருக்குக் கோடரி வேணுமாம். நல்லா எரிஞ்சிருந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க. மருமகனுக்கு இந்த மூளை வராது."

இப்படித்தான், இருபத்தாறு பேர் சாட்சியாகத் தோற்றதற்காக, அவர் கிளை மேலாளரானார். அதை மறுக்கும் அளவுக்கு அவர் நேர்மையானவர் அல்லர். மறந்துவிடும் அளவுக்கு மோசமானவரும் அல்லர். புதுக் கிளை திறந்த முதல் நாள் காலை, யாரும் வருமுன், டிரைவர் கொடுத்த ஈரக் கட்டை ஒன்றைத் தரையில் நிறுத்தி, கோடரியை ஓங்கிப் பிளந்தார். மூன்றாம் வெட்டில் கட்டை பிளந்தது. அதோடு வாசலிலிருந்து நான்காம் வரிசையில் ஓர் ஓடும் பிளந்தது.

முதலாளி திறப்பு விழாவுக்கு வந்ததும் அதைத்தான் முதலில் பார்த்தார்.

"இது எப்பிடி ஒடைஞ்சது?"

"எட்டாவது வழிங்க" என்றார் நெருப்பு சார்.