ஃபேன் சத்தம்

என் பாட்டெல்லாம் பழைய கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அங்கிருந்துதான் கூடத்து ஸ்பீக்கருக்குப் போகும். ஆனால் பாட்டுக்குப் பின்னால் ‘கொய்ங்’ என்று அதன் ஃபேன் இரைந்துகொண்டே இருக்கும். வீணை மெல்லத் தேய்ந்து அடங்கும் இடத்தில் வீணை கேட்காது, ஃபேன்தான் கேட்கும். சனியன்!

ஆம்பூரில் தோல் சீவும் மெஷினில் இருபது வருஷத்துக்கு மேல் நிற்கிறேன். பகலெல்லாம் அந்த இரைச்சல். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டால்தான் மனுஷனாவேன். எனக்கென்று இருந்த சுகம் அது ஒன்றுதான்.

ஃபேனை மாற்றினேன். கம்ப்யூட்டருக்கு அடியில் தோல் துண்டை மடித்து வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், பாட்டுக்கென்றே விற்கும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கினேன். அதில் ஃபேனே கிடையாது. மொத்தப் பாட்டையும் அதற்கு மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்தது. சாப்பிடக் கூப்பிட்ட மனைவிமேல் எரிந்து விழுந்தேன்.

“இன்னாங்க, புதுப் பொண்டாட்டி வந்த மாதிரி அதையே பாத்துனு இருக்கீங்க?” என்றாள்.

சாயங்காலம் கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டு, பெட்டியில் பாட்டைப் போட்டேன். வீணை வந்தது, தேய்ந்தது. பின்னாலேயே ‘கொய்ங்’.

“ஏமாத்திட்டான் கடைக்காரன்! அதே சத்தம் வருது பாரு.”

“எந்தச் சத்தம்?”

பாட்டை நிறுத்தினேன். “இதான். இப்பவும் கேக்குதே.”

அவள் ஸ்பீக்கரில் காதை வைத்தாள். தலைக்கு மேல் சுற்றிய ஃபேனை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள்.

“ஒண்ணும் கேக்கலைங்க. கம்ப்யூட்டர்ல கூட எனக்கு எதுவும் கேட்டதில்ல. சொன்னா பேஜார் பண்ணுவீங்கன்னு சும்மா இருந்தேன்.”

அப்படியென்றால் சத்தம் என் காதுக்குள்ளேதான். கம்பெனியில் காதுக்கு ரப்பர் அடைப்பான் கொடுப்பார்கள். நான் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். பிளேடு மழுங்கினால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று அவ்வளவு திமிர். அடைப்பான் வைத்தவர்களைச் ‘செவிட்டு மிஷினு’ என்று கிண்டல் செய்தவனும் நான்தான்.

போனது வராது, இந்தச் சத்தமும் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது வேலையில் தினமும் அடைப்பான் வைக்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

பெட்டி கூடத்தில்தான் இருக்கிறது. வீணை அடங்கும் இடம் வந்தால் நான் மனைவி முகத்தைப் பார்ப்பேன்.

“முடிஞ்சிடுச்சா?”

“இல்லைங்க, இன்னும் கேக்குது” என்பாள்.