நூறு கிலோவுக்குக் கீழே

அந்தக் கட்டுமானத் தளத்தில் டவர் கிரேன் ஓட்டுகிறவரை எல்லோரும் மேல்வீட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். காலையில் ஏணியில் ஏறி, அறுபது மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் மனிதர் இறங்குவார். கீழே நின்று கையசைத்தும் வாக்கி டாக்கியில் பேசியும் அவருக்கு வழி சொல்வது சிக்னல் அக்காவின் வேலை. வயது முப்பத்தைந்து. ஆறு வருடமாக அண்ணாந்து பார்த்துப் பார்த்தே அவளுக்குக் கழுத்து வலி வந்திருந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று தெரியாது. அதே கம்பெனியில், அதே கிரேனில், முன்பு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். பயிற்சி முடித்து, உரிமம் வாங்கி, இரண்டு வருடம் ஓட்டினாள். அப்புறம் உடம்பு தன் இஷ்டத்துக்கு ஆட ஆரம்பித்தது. மாதவிடாய் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தது, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, கடைசியில் மாத்திரை போட்டால்தான் என்று ஆனது. முகவாயில் முடி முளைத்தது. பட்டினி கிடந்தாலும் எடை ஏறியது. சினைப்பையில் நீர்க்கட்டி என்று டாக்டர் நோய்க்குப் பெயர் சொன்னார். சொந்தக்காரர்கள் அதற்கு வாய்க்கொழுப்பு என்று பெயர் வைத்தார்கள். அப்படிப் பெயர் வைத்தவர்களில் பாதிப்பேர் பந்தியில் அவளைப் போல இரண்டு மடங்கு வெளுத்துக் கட்டுகிறவர்கள்.

தளத்தின் பாதுகாப்பு அதிகாரிக்குப் பெல்ட் சார் என்று பெயர். எதிரில் யார் வந்தாலும் முகத்தைப் பார்க்கும் முன் இடுப்பைப் பார்ப்பார். உயரத்தில் ஏறுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு பெல்ட் நூறு கிலோவுக்கு மேல் தாங்காது என்பது கம்பெனி விதி. ஹெல்மெட், பூட்ஸ், ஜாக்கெட், வாக்கி டாக்கி எல்லாம் சேர்த்து நூறு. ஒருநாள் அவளை எடை பார்த்து, நூற்று ஒன்று என்று எழுதி, “நாளையிலருந்து கீழ வேலை பாருங்கம்மா” என்றார். அன்றைக்கு இறங்கினவள்தான்.

நூற்று முப்பத்தொன்றில் வந்து நின்றபோது, எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்வது என்று முடிவெடுத்தாள். அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். முப்பது பிள்ளைகளை அதட்டி உட்காரவைக்கிற மனிதருக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது.

“வயித்தை வெட்டி எடுக்கறாங்களாம். உனக்குப் பயமா இல்லையா?”

“அறுபது மீட்டர் ஏணியில ஏறினவ நான். படுத்துத் தூங்கறதுக்கா பயப்படுவேன்?”

குழந்தைக்காகத்தான் செய்துகொள்கிறாள் என்று ஊர் நினைத்தது. நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு வேண்டியது மேலே இருந்த அந்த நாற்காலி. அதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் கணவரிடம் மட்டும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

இரைப்பையில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு டாக்டர் சொன்னார்: “என்னால வயித்தைத்தான் சின்னதாக்க முடியும். மீதி வேலை உங்களோடது.” அந்த மீதி வேலை என்னவென்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. முதலில் தெளிந்த சூப், அதுவும் மருந்து மூடி அளவில், நிமிடத்துக்கு ஒரு மடக்கு. கணவர் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார். தன் சாப்பாட்டை மட்டும் வேனுக்குள் ஒளிந்துகொண்டு சாப்பிடுவார். மூன்றாவது வாரம் எடை அசையாமல் நின்றது. பதினெட்டு நாள் அதே எண். அவள் தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அழுதாள். நான்காவது மாதம் சீப்பு நிறைய முடி வந்தது. நாத்தனார் வந்து உட்கார்ந்து, “கத்தி வச்சுக் குறைக்கறதெல்லாம் ஒரு குறைப்பா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

“ஒரு வாரம் கால் டம்ளர் சூப்ல இருந்து பாருங்க அண்ணி. அப்புறம் பேசலாம்” என்று வாசல்வரை போய்ச் சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள்.

ஆனால் இறங்கியது. நூற்று இருபது, நூற்றுப் பத்து என்று இறங்கியது. ஒருநாள் மூச்சைப் பிடிக்காமல் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினாள். கட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. உடனே அவிழ்த்து இன்னொரு தடவை கட்டிப் பார்த்தாள்.

ஒன்பதாவது மாதம் மேல்வீட்டுக்காரர் வேறு தளத்துக்கு மாற்றலானார். வெள்ளிக்கிழமை அவருக்குக் கடைசி நாள். செவ்வாய்க்கிழமை எடைச் சோதனையில் அவள் தேறினால் கிரேன் அவளுக்கு, இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் வருவார் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஞாயிறு காலை வீட்டுத் தராசு தொண்ணூற்றைந்து கிலோ நானூறு கிராம் காட்டியது. மாட்டிக்கொள்ளும் சாமான் மொத்தம் நான்கு கிலோ என்று அவள் ஏற்கெனவே நிறுத்து வைத்திருந்தாள். கூட்டினால் நூறுக்குள்தான். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

செவ்வாய் விடிந்ததும் அடிவயிற்றைப் பிடித்து இழுத்தது. குளியலறைக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து சிரிப்பும் விசும்பலும் மாறி மாறிக் கேட்கவே, கணவர் கதவைத் தட்டினார்.

“என்னம்மா ஆச்சு?”

“வந்திருக்குங்க. மாத்திரை போடாம, தானா வந்திருக்கு.”

அவருக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் கதவுக்கு வெளியே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்கு வருடத்தில் முதல் தடவை. அவளுக்கு உலகத்தையே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடே தராசில் ஏறி நின்றாள். தொண்ணூற்றாறு கிலோ அறுநூறு கிராம். மாதவிடாய் வரும்போது உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான்கு வருடம் காத்திருந்தது வந்தது, இந்த நாளைப் பார்த்தா வரவேண்டும்? அவளுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

பத்து மணிக்கு ஸ்டோர் ரூமில் சோதனை. மேல்வீட்டுக்காரரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். முழுச் சாமானோடு அவள் பெரிய தராசில் ஏறினாள். பெல்ட் சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

“நூறு கிலோ அறுநூறு.”

“அறுநூறு கிராம்தானே சார், விடுங்க” என்றார் மேல்வீட்டுக்காரர்.

“உங்களுக்கு அது ‘தானே’. பெல்ட்டுக்கு அது அறுநூறு.”

அவளும் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள்: “விட வேண்டாம் சார். எனக்கு இன்னைக்குப் பீரியட்ஸ். உடம்புல தண்ணி கோத்திருக்கு. ரெண்டு மூணு நாள்ல இறங்கிடும். வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை எடை பாருங்க.”

பெல்ட் சாருக்குக் காது சிவந்துவிட்டது. “மேனேஜர் இன்னைக்குன்னு சொல்லிட்டாரேம்மா” என்று முனகிக்கொண்டே படிவத்துக்குள் முகத்தைப் புதைத்தார். அவள் தேறவில்லை என்று தெரிந்த பிறகும், படிவத்தைப் பாதியில் விட மனம் வராத ஜென்மம் அது. மீதி வரிகளையும் ஒவ்வொன்றாக வாசித்து டிக் போட்டார். பூட்ஸ் சரி. ஹெல்மெட் வார் சரி. “ஏணியில ஏறும்போது பாக்கெட்ல எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. இருக்கா?”

அவள் கை தானாக ஜாக்கெட் பாக்கெட்டுக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது.

சிக்னல் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தரையில் போல்ட்டோ நட்டோ கிடந்தால் எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள். அதை மிதித்து யாராவது வழுக்கினால், தலைக்கு மேலே இரண்டு டன் தொங்கிக்கொண்டிருக்கும். சாயங்காலம் ஸ்டோரில் கொட்டிவிட வேண்டும். அவளோ எடையை நினைத்த நினைப்பில் வாரக்கணக்காகக் கொட்டவில்லை. வீட்டில் சாமானை நிறுத்தபோதும் பாக்கெட்டைப் பார்க்கவில்லை.

மேஜைமேல் ஒன்றொன்றாக எடுத்து வைத்தாள். விரல் தடிமன் போல்ட் நான்கு, கைநிறைய நட்டு, பாதி உடைந்த ஒரு கொக்கி. மேல்வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பெல்ட் சார் மட்டும் சிரிக்கவில்லை.

“பாக்கெட்டைக் காலி பண்ணிட்டுத்தான் எடை எடுக்கணும். அதான் விதி. முதல்லயே கேக்காதது என் தப்பு. ஏறுங்கம்மா.”

ஏறினாள். எண்கள் ஆடி, ஆடி, நின்றன. தொண்ணூற்றொன்பது கிலோ எழுநூறு. பெல்ட் சார் கையெழுத்துப் போட்டுவிட்டு, தானே பெல்ட்டை எடுத்துவந்து கொடுத்து, ஒவ்வொரு கொக்கியையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். “இன்னைக்கே ஒரு லோடு தூக்கிப் பாருங்க” என்றார்.

அன்றைக்கு அவள் ஏணியில் ஏறியதை அந்தத் தளமே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. தளர்ந்த தோலில் பெல்ட் வார் உரசி எரிந்தது. அடிவயிறு வலித்தது. வலிக்கட்டும் என்று ஏறினாள். முன்பெல்லாம் ஏணிக்கு நடுநடுவே இருக்கும் ஓய்வுத் தட்டு ஒவ்வொன்றிலும் நின்று இளைப்பாறுவாள். நாற்பதாவது மீட்டரில் நின்று பார்த்தாள், மூச்சு இன்னும் மீதி இருந்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

கூண்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் இடம் மிச்சமிருந்தது. கீழே மேல்வீட்டுக்காரர் கையைத் தூக்கிச் சிக்னல் கொடுத்தார். லீவரை மெல்ல இழுத்தாள். கீழே கொக்கியில் மாட்டியிருந்த கம்பிக் கட்டின் கயிறு விறைத்தது, எதிரில் இருந்த திரையில் எடை ஓட ஆரம்பித்தது. ஆயிரம். ஆயிரத்து ஐநூறு. ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. எடை காட்டுகிற ஓர் எண்ணைப் பார்த்து ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பயம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். கட்டு தரையை விட்டு எழுந்தது.