கோட்டுக்குள் எங்கள் வீடு

நொய்யல் ஆற்றைக் காக்கும் திட்டத்துக்குக் கரையோர வரைபடம் வரைந்தது நான்தான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் என்ற பெருமை எனக்கு உண்டு. வரைபடத்தில் நான் போட்ட சிவப்புக் கோட்டுக்குள் வரும் வீடுகளை அகற்றி, அங்கே மரம் நடுவார்கள். எங்கள் வீடும் உள்ளேதான் இருந்தது. நான் ஆற்றோரத்தில் குடியிருப்பதை அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்தில் நான் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, பனியன் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்த அம்மா எழுந்தாள். தலையெல்லாம் பஞ்சு.

"ஏனுங்க, எங்க ஊடும் போகுதுங்களா?"

என் அதிகாரி பக்கத்தில் நின்றார். "எதுவானாலும் மனுவா எழுதிக் கொடுங்கம்மா" என்றேன், முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோல. அம்மாவுக்கு எழுதத் தெரியாது.

"சரிங்க மேடம்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி அவளை இடித்தாள். "ஏனக்கா, பெத்தவளையே மனு எழுதச் சொல்லுது உங்க புள்ள!"

"சித்த சும்மா இருங்க. அது வேலையில இருக்குது."

அன்று இரவும் அம்மா எப்போதும்போல எனக்குச் சோறு போட்டாள். மூன்றாம் நாள் அவள் மனு என் மேசைக்கு வந்தது. யாரிடமோ கேட்டு எழுதி வாங்கி, கீழே கைரேகை வைத்திருந்தாள்.